‘ஓகே லா’வுக்கு எத்தனை மதிப்பெண்? வாடிக்கையாளர் கருத்தைப் படிக்கும் கருவிகள்: ஒரு மதிப்பீடு

பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்துபவருக்கும் சரி, பினாங்கில் நாசி கண்டார் கடை வைத்திருப்பவருக்கும் சரி, இன்று கருத்துக்குப் பஞ்சமே இல்லை. கூகள் மேப்ஸ், கிராப்ஃபூட், ஃபூட்பாண்டா, பேஸ்புக், டிக்டாக் என்று எல்லாப் பக்கமும் வந்து குவிகிறது. உட்கார்ந்து படிக்கத்தான் நேரம் கிடைப்பதில்லை. ‘நாங்கள் படித்துச் சொல்கிறோம்’ என்று வரும் கருவிகளுக்குச் சென்டிமென்ட் அனாலிசிஸ், அதாவது உணர்வுப் பகுப்பாய்வு என்று பெயர். ஒரு வரியைக் கொடுத்தால் அது பாராட்டா, குறையா, இரண்டுமில்லையா என்று சொல்லிவிடும்.

இங்கே பார்க்கப்போவது இலவசமாகக் கிடைக்கும் மூன்று கருவிகள்: வேடர், டிவிட்டர் எக்ஸ்எல்எம்-ஆர், மலாயா. இவற்றோடு, இப்போது எல்லார் கையிலும் இருக்கும் உரையாடல் ஏஐ சேவைகளையும் சேர்த்துப் பார்ப்போம். நம் மலேசியாவில் ஒரே வரியில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் கலந்து வரும். அப்படிப்பட்ட கருத்துகளை வைத்துக்கொண்டு மக்களுக்கு எந்தச் சாப்பாடு, எந்த ருசியில் பிடிக்கிறது என்று இவை சொல்லுமா என்பதுதான் கேள்வி.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வந்தவர் திருப்தியாகப் போனாரா என்பதை இவை ஓரளவு சொல்லும். அவருக்கு என்ன வேண்டும் என்பதைத் தாமாகச் சொல்லாது. அதைப் பிடிக்க வேண்டுமென்றால் கருவிக்கு முன்னாலும் பின்னாலும் கையால் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. அந்த வேலையைச் செய்யாமல் வண்ண வண்ண வரைபடத்தை மட்டும் நம்பி ரெசிப்பியை மாற்றுவது சமையல்காரருக்குச் செய்யும் அநியாயம்.

வேடர்

அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் உருவாக்கி 2014இல் வெளியிட்டது. ஏறத்தாழ 7,500 ஆங்கிலச் சொற்களும் குறிகளும் கொண்ட பட்டியல்தான் இதன் உயிர். ஒவ்வொன்றையும் பத்துப் பேர் −4 முதல் +4 வரை மதிப்பிட்டு, அதன் சராசரியை அந்தச் சொல்லின் எடையாகப் பதிந்திருக்கிறார்கள். வரியில் உள்ள சொற்களின் எடையைக் கூட்டி, −1க்கும் +1க்கும் இடையில் ஒரு எண்ணைத் தரும். 0.05க்கு மேல் போனால் பாராட்டு, −0.05க்குக் கீழே போனால் குறை, நடுவில் நின்றால் சமநிலை. சாதாரண மடிக்கணினியில் ஆயிரக்கணக்கான வரிகளை நொடிகளில் முடித்துவிடும். பைத்தான் நிரல்மொழி தெரிந்த பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்தால் போதும், நிறுவுவது ஒரே கட்டளை.

இதன் பெரிய நன்மை, கணக்கு திறந்த கணக்கு. ஏன் இந்த மதிப்பெண் வந்தது என்று காகிதத்தில் போட்டே பார்க்கலாம். ‘நைஸ்’ என்ற சொல்லின் எடை 1.8. ‘பட்’ வந்தால் அதற்கு முன்னால் உள்ளதைப் பாதியாக்கும், பின்னால் உள்ளதை ஒன்றரை மடங்காக்கும். இப்போது ‘தோசை நைஸ் பட் சட்னி வாட்டரி’ என்று ஒருவர் ஆங்கில எழுத்தில் எழுதுகிறார். 1.8 பாதியாகி 0.9 ஆகிறது. ‘வாட்டரி’ பட்டியலிலேயே இல்லை, அதனால் சுழியம். 0.9ஐ, அதன் வர்க்கத்தோடு 15ஐக் கூட்டி வரும் எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.226. பாராட்டு என்று பதிவாகிவிட்டது. சட்னியில் தண்ணீர் கூடிவிட்டது என்பதுதான் அந்த மனிதர் சொல்ல வந்த சேதி. அதுதான் காணாமல் போயிற்று.

‘ஃபூட் ஓகே லா’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஓகே’வின் எடை 1.2, அதற்கு வரும் மதிப்பெண் 0.296. வேடர் கணக்கில் இது தெளிவான பாராட்டு. கோலாலம்பூரில் யாராவது ‘ஓகே லா’ என்றால் ‘சுமார், மறுபடி வருவது சந்தேகம்’ என்றுதான் அர்த்தம் என்பது நமக்குத் தெரியும், கருவிக்குத் தெரியாது. ‘போலே லா’, ‘பியாசா ஜெ’ இரண்டும் இதே ரகம். அவை பட்டியலிலேயே இல்லாததால் சுழியம் வாங்கும்.

தமிழ் எழுத்தில் வந்த கருத்துக்கும் சுழியம்தான். ‘ரசம் தொண்டையில இறங்கும்போதே தெரியுது, கைப்பக்குவம்’ என்று ஒரு பாட்டி மனமாரப் பாராட்டினாலும், ‘மீன் கெட்டுப்போச்சு’ என்று ஒருவர் கொதித்தாலும், இரண்டும் ‘சமநிலை’ப் பெட்டியில் ஒன்றாக விழும். வரைபடத்தில் சாம்பல் நிறத் துண்டு பெரிதாகத் தெரிந்தால் மக்கள் அலட்சியமாக இருக்கிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். கருவிக்குப் படிக்கத் தெரியாத வரிகள் அவை. நம் கடைகளைப் பொறுத்தவரை இது சின்ன விஷயமில்லை. உப்பு, புளி, தாளிப்பு என்று நுணுகி எழுதுபவர்கள் பெரும்பாலும் தாய்மொழியில்தான் எழுதுகிறார்கள்.

பட்டியலைத் திருத்துவது எப்படி

வேடரின் சொற்பட்டியலில் நாமே சொல் சேர்க்கலாம். இந்த வசதிக்காகவே சின்னக் கடைக்கு இதைப் பரிந்துரைக்கிறோம். ஆனால் சேர்ப்பதில் சில கண்ணிகள் இருக்கின்றன, அவற்றை விரிவாகச் சொல்ல வேண்டும்.

‘செடாப்’ (ருசி) என்ற சொல்லை 2.5 எடையோடு சேர்த்தால் மட்டும் போதாது. ‘தாக் செடாப்’ என்று வந்தால் அதுவும் பாராட்டாகிவிடும். வேடரிடம் எதிர்மறைச் சொற்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு. ‘தாக்’, ‘திடாக்’, ‘புக்கான்’ மூன்றையும் அதில் சேர்க்க வேண்டும். குறுஞ்செய்தி மலாயில் ‘தாக்’ என்பதற்கு வெறும் எக்ஸ் எழுத்தைப் போடுவார்களே, அதையும் விடக்கூடாது. சேர்த்தபின் ‘தாக் செடாப்’ −0.43 ஆகும். எதிர்மறைச் சொல் எடையைத் தலைகீழாக்குவதோடு 0.74ஆல் பெருக்கியும் விடும், அதனால் வரும் எண் இது. எதிர்மறையை முந்தைய மூன்று சொற்கள் வரை தேடும் என்பதால் ‘தாக் பெராப்பா செடாப்’ என்பதும் சரியாக வரும்.

தமிழில் சிக்கல் வேறு. நமக்கு எதிர்மறை பின்னால் வரும்: ‘நல்லா இல்ல’. கருவி முன்னால் மட்டும் பார்ப்பதால் ‘நல்லா’வுக்குப் பாராட்டு எடை கொடுத்துவிட்டு ‘இல்ல’வைத் தாண்டிப் போய்விடும். இதற்கு ஒரே வழி, கருவிக்கு அனுப்பும் முன் இரண்டு சொல்லையும் அடிக்கோட்டால் ஒட்டி ஒரே சொல்லாக்கி, அந்த ஒட்டுச்சொல்லுக்குக் குறை எடை கொடுப்பது. ‘டேஸ்ட் இல்ல’, ‘சரி இல்ல’, ‘வொர்த் இல்ல’ எல்லாமே இப்படித்தான். மலாயில் அழுத்தச் சொல் பின்னால் வருவதற்கும் இதே மருந்து: ‘செடாப் கீலா’, ‘செடாப் சங்காட்’ ஒட்டுச்சொல்லாகட்டும். இல்லாவிட்டால் ‘செடாப் கீலா’ வெறும் ‘செடாப்’ அளவில் நின்றுவிடும்.

‘பட்’ விதி நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டது, பட்டியலில் இல்லை. ஆகவே ‘தாப்பி’, ‘ஆனா’ இரண்டையும் முன்கூட்டியே ‘பட்’ என்று மாற்றி அனுப்புங்கள்.

ரோமன் எழுத்தில் தமிழ் எழுதுபவர்களின் எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கும். ‘இருக்கு’ என்பதில் ஒரு கே போடுபவர், இரண்டு கே போடுபவர், நடு உயிரெழுத்தையே விடுபவர் என்று பலர் உண்டு. திரும்பத் திரும்ப வரும் மெய்யெழுத்துகளை ஒன்றாக்கி, நெடில் உயிர்களைக் குறிலாக்கி, அதன்பின் பட்டியலோடு ஒப்பிட்டால் பெரும்பகுதி அடங்கும்.

கடைசியாக ஒன்று. ‘டெவில்’ என்ற சொல்லுக்கு வேடரில் எதிர்மறை எடை. டெவில் கறி விற்கும் கடையில் அந்தப் பெயரைச் சொல்லும் ஒவ்வொருவரும் குறை சொன்னதாகப் பதிவாகும். உங்கள் மெனுவில் உள்ள எல்லாப் பெயர்களையும் ஒருமுறை கருவியில் போட்டுப் பாருங்கள். சுழியம் வராத பெயரை வேடரின் சொற்பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.

டிவிட்டர் எக்ஸ்எல்எம்-ஆர்

பேஸ்புக் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட எக்ஸ்எல்எம்-ஆர் என்ற மொழி மாதிரி நூறு மொழிகளில் பயின்றது. அதில் தமிழும் உண்டு, ரோமன் எழுத்துத் தமிழும் உண்டு, மலாயும் உண்டு. பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகக் குழு அதை ஏறத்தாழ 198 மில்லியன் டிவீட்டுகளில் மேலும் பயிற்றி, உணர்வைப் பிரிக்கக் கற்றுக் கொடுத்தது. கோப்பு ஒரு கிகாபைட்டுக்கு மேல் இருக்கும். ஜிபியு என்ற வேகக் கணிப்புச் சில்லு இல்லாவிட்டாலும் ஓடும், பொறுமை வேண்டும்.

தமிழ் எழுத்தில் வரும் கருத்தைச் சுழியமாக்காமல் வாசிக்க முயலும் என்பதே இதன் பலம். ஆனால் உணர்வைப் பிரிக்கும் பாடத்தை எட்டு மொழிகளில்தான் கற்றிருக்கிறது: அரபு, ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், இந்தி, இத்தாலியன், ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ். தமிழும் மலாயும் அந்தப் பாடத்தில் இல்லை. ஆகவே ‘ரொம்ப மோசம்’ போன்ற நேரடி வசையையும் நேரடிப் புகழ்ச்சியையும் பிடிக்க வாய்ப்பு அதிகம். ‘உப்பு கரிக்குது’, ‘இலையில போட்டதெல்லாம் அப்படியே இருந்துச்சு’ போன்றவற்றில் தடுமாறும். வேடரைப் போலக் காரணம் கேட்டுப் பார்க்கவும் முடியாது.

‘தமிழ்-ஆங்கிலக் கலப்புக்கென்றே தரவுத்தொகுப்பு இருக்கிறதே, அதில் பயிற்றலாமே’ என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். இருக்கிறது. 2020இல் வெளியான தொகுப்பில் 15,744 யூடியூப் கருத்துகள் உண்டு. அவையெல்லாம் படங்களின் டிரெய்லருக்கு வந்தவை. ‘மாஸ்’, ‘வெறித்தனம்’ நன்றாகத் தெரிந்த மாதிரிக்கு ‘சாம்பார் நீர்த்துப்போச்சு’ புதிதாக இருக்கும். உணவுக் கருத்துகளை நாமே குறியிட்டுச் சேர்த்தால்தான் அந்தத் தொகுப்பு பயன் தரும்.

மலாயா

பெயரே சொல்கிறது, நம் நாட்டில் உருவான மலாய்மொழிக் கருவிப்பெட்டி. உணர்வுப் பிரிப்பு இதில் ஒரு பகுதிதான். உண்மையில் எங்களுக்குப் பிடித்தது இதன் சீராக்கி. சுருக்க எழுத்தையும் ‘சொல்2’ என்று எழுதும் இரட்டைக்கிளவியையும் முழு மலாய்ச் சொல்லாக்கித் தரும். மற்ற எந்தக் கருவிக்கு அனுப்பும் முன்னும் மலாய் வரிகளை இதில் ஒருமுறை ஓடவிடுவது நல்லது. தமிழுக்கு இதனால் பயனில்லை.

ஒரு எச்சரிக்கை. பொதுவான மலாய் எழுத்தில் பயின்ற எந்த மாதிரிக்கும் ‘பஞ்சிர்’ என்றால் வெள்ளம், பேரிடர். நாசி கண்டார் கடையில் ‘குவா பஞ்சிர்’ என்று கேட்பவர் சோறு மூழ்கும்படி குழம்பை ஊற்றச் சொல்கிறார், அது ஆசையாகக் கேட்பது. பினாங்குக் கடைக்காரர்கள் இந்தச் சொல்லைத் தனியாக எடுத்து எண்ணிப் பார்த்தால், எத்தனை பேர் கலப்புக் குழம்பை விரும்புகிறார்கள் என்பதற்கு நேரடி அளவு கிடைக்கும்.

உரையாடல் ஏஐ சேவைகள்

மூன்று மொழிக் கலப்பை வாசிப்பதில் இவை மற்றவற்றைவிட வெகுதூரம் முன்னால் நிற்கின்றன. ‘பெஸ்ட் சங்காட், துங்கு செஜாம்’ என்று ஒரு மணி நேரம் காத்திருந்தவர் குத்தலாக எழுதியதைக்கூடப் பெரும்பாலும் சரியாகப் புரிந்துகொள்ளும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கருத்தில் இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்லும், ஒரே வரிக்கு இன்று ஒரு பதிலும் நாளை ஒரு பதிலும் தரும்.

இதற்கு வேலியாக ஒரு வழி இருக்கிறது. ‘எந்தப் பதார்த்தம், எந்தப் பண்பு, கூடுதலா குறைவா, பாராட்டா குறையா’ என்ற நான்கு கட்டங்களோடு, ‘இதைச் சொல்லும் சொற்களைக் கருத்திலிருந்து அப்படியே எடுத்து எழுது’ என்று ஐந்தாவது கட்டமும் கேளுங்கள். வந்த பதிலில் அந்த ஐந்தாவது கட்டம் மூலக் கருத்தில் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று ஒரு சின்ன நிரல் சரிபார்க்கட்டும். இல்லாவிட்டால் அந்த வரிசையைத் தள்ளிவிடுங்கள். ஒரு தடவைக்கு இருபது முப்பது கருத்துக்கு மேல் அனுப்பாதீர்கள். நீளமான கட்டாக அனுப்பினால் நடுவில் உள்ளவற்றை அது தவறவிட வாய்ப்பு உண்டு. அனுப்பும் முன் எழுதியவரின் பெயர், தொலைபேசி எண் எல்லாவற்றையும் நீக்குங்கள். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது, வாடிக்கையாளர் பெயரை வெளிச் சேவைக்கு அனுப்ப நமக்குத் தேவையும் இல்லை.

விருப்பத்தைப் பிடிக்கும் அட்டவணை

எந்தக் கருவியைப் பயன்படுத்தினாலும் முழுக் கருத்துக்கு ஒரே மதிப்பெண் போடுவதை முதலில் விடுங்கள். கருத்தை ‘ஆனா’, ‘தாப்பி’, ‘பட்’, ‘சுமா’, முற்றுப்புள்ளி ஆகிய இடங்களில் வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் பதார்த்தத்தின் பெயரைத் தேடுங்கள். தோசைக்கு ரோமன் எழுத்தில் நாலைந்து எழுத்துக்கூட்டல், ரொட்டி சானாய்க்கு மூன்று, வடைக்கு நான்கு என்று பெயர்ப்பட்டியல் தேவைப்படும். பெயரில்லாத துண்டு முந்தைய துண்டின் பதார்த்தத்தை எடுத்துக்கொள்ளட்டும்.

அடுத்து பண்பு: உப்பு, காரம், இனிப்பு, எண்ணெய், குழம்பின் அளவு, சூடு, பரிமாறும் அளவு, விலை. இந்தப் பண்புச் சொற்களை உணர்வுப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. ‘பெடாஸ்’ (காரம்) ஒருவருக்குப் புகழ்ச்சி, இன்னொருவருக்குப் புகார். தே தாரிக்கில் இது இன்னும் நுட்பமாக வரும். ‘நான் எப்பவும் தே தாரிக் குராங் மானிஸ்தான்’ என்பவர் இனிப்புக் குறைவாக வேண்டும் என்று தன் விருப்பத்தைச் சொல்கிறார். ‘தே தாரிக் தெர்லாலு மானிஸ்’ என்பவர் இனிப்பு அதிகம் என்று குறை சொல்கிறார். முதலாவது கருத்துக்கு உணர்வு மதிப்பெண் சுழியம், ஆனால் விருப்பக் கணக்கில் அதற்குத்தான் மதிப்பு அதிகம். விதி இப்படி இருக்கட்டும்: ‘குராங்’ ஒரு பண்புச் சொல்லுக்கு முன்னால் வந்து, அருகில் ‘மிந்தா’, ‘ஆர்டர்’, ‘எப்பவும்’ போன்ற சொல் இருந்தால் விருப்பம். ‘தெர்லாலு’, ‘டூ’, ‘ஜாஸ்தி’, ‘ஓவர்’ வந்தால் குறை. இரண்டையும் அட்டவணையில் ஒரே நெடுவரிசையில் கூட்டாதீர்கள்.

தரவில் கவனிக்க வேண்டியவை

நிரல் எழுதுபவர்களுக்காகக் கூகள் தரும் பிளேசஸ் சேவை வழியாக ஒரு கடைக்கு அதிகபட்சம் ஐந்து கருத்துகள்தான் கிடைக்கும். கடை உங்களுடையது என்றால் பிசினஸ் புரொஃபைல் வழியாக எல்லாவற்றையும் எடுக்கலாம். அப்படி எடுக்கும்போது மொழிபெயர்ப்பும் மூலமும் ஒரே கட்டத்தில் சேர்ந்து வரும். மொழிபெயர்ப்பை வெட்டிவிடாவிட்டால் ஒரே குறை இரண்டு தடவை எண்ணப்படும்.

பரிமாறுபவரின் பெயரைச் சொல்லி ‘நல்ல சர்வீஸ்’ என்று மட்டும் எழுதி ஐந்து நட்சத்திரம் தரும் கருத்துகளைத் தனியே ஒதுக்குங்கள். பில் கொடுக்கும்போது கேட்டு வாங்கியவை அவற்றில் பல. சாப்பாட்டைப் பற்றி அவற்றில் ஒன்றும் இருக்காது.

காலத்தையும் பிரித்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமையும் புரட்டாசி மாதமும் சைவம் கேட்பவர் கூடுவார்கள், நோன்பு மாதத்தில் நேரமும் கூட்டமும் மாறும். ஆண்டு முழுவதையும் ஒன்றாகக் கூட்டினால் புரட்டாசியில் வந்த ‘காய்கறி வகை போதாது’ என்ற குறை மற்ற மாதங்களில் கரைந்துவிடும்.

எண்ணிக்கைக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. ஒரு பதார்த்தத்தைப் பற்றி 100 கருத்து இருந்தால், வரும் விழுக்காடு ஏறத்தாழ 10 புள்ளி மேலே கீழே ஆடும். 400 இருந்தால் 5 புள்ளி. 20தான் இருக்கிறது என்றால் 22 புள்ளி ஆடும், அதை வைத்து எதையும் மாற்றாதீர்கள். இதுவும் எழுதுபவர்களின் கணக்கு மட்டுமே. ரொம்பப் பிடித்தவரும் ரொம்பக் கோபப்பட்டவரும்தான் அதிகம் எழுதுகிறார்கள். வாரம் மூன்று நாள் வந்து பேசாமல் சாப்பிட்டுப் போகும் மனிதர் எந்த வரைபடத்திலும் இல்லை. கல்லாவில் பதிவாகும் விற்பனையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அவர் தெரிவார்.

காசு கொடுத்து வாங்குவதற்கு முன்

மாதக் கட்டணத்துக்கு இந்த வேலையைச் செய்து தரும் நிறுவனங்கள் வருகின்றன. வாங்குவதற்கு முன் உங்கள் கடைக்கு வந்த 300 கருத்துகளை எடுத்து, இரண்டு பேரைத் தனித்தனியே குறியிடச் சொல்லுங்கள். ஒருவர் சமையலறையிலிருந்தும் ஒருவர் கல்லாவிலிருந்தும் இருந்தால் நல்லது. இருவருக்கும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைக் கோஹன் கப்பா என்ற அளவால் பாருங்கள் (முழுதும் ஒத்துப்போனால் 1). 0.6க்குக் கீழே வந்தால் முதலில் குறியிடும் விதியைத் தெளிவாக்கி மறுபடி குறியிடுங்கள். மனிதர் இருவர் ஒத்துப்போகாத இடத்தில் கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை.

பிறகு அதே 300ஐ, குறிகளை மறைத்து, விற்க வந்தவரிடம் கொடுங்கள். மொத்தத் துல்லியத்தை மட்டும் கேட்காதீர்கள். கருத்துகளில் பெரும்பாலானவை பாராட்டாக இருந்தால் எல்லாவற்றையும் ‘பாராட்டு’ என்று சொல்லும் கருவிகூட நல்ல விழுக்காடு வாங்கிவிடும். குறைகளில் எத்தனையைப் பிடித்தது என்று தனியே கேளுங்கள். தமிழில் வந்தவற்றுக்கு என்ன விடை, ரோமன் எழுத்துத் தமிழுக்கு என்ன விடை என்று பிரித்துக் கேளுங்கள். ‘தமிழ்க் கருத்துகளை நாங்கள் சேர்ப்பதில்லை’ என்று பதில் வந்தால், அந்தச் சேவை நம் கடைகளுக்கு ஆகாது.

மொத்தமே ஐம்பது அறுபது கருத்துதான் வருகிறது என்கிற ஒட்டுக்கடைக்கு இது எதுவுமே தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் மேலே சொன்ன பண்புகளைக் கட்டம் போட்டு, வாரம் ஒருமுறை படித்துக் கோடு போட்டால் போதும். அதில் ‘தெர்லாலு மானிஸ்’ கட்டத்தில் கோடுகள் தொடர்ந்து கூடினால் ஒரு கோப்பைக்கான கண்டென்ஸ்டு மில்க்கை அரைக் கரண்டி குறைத்து, அடுத்த எட்டு வாரம் அந்த ஒரு கட்டத்தை மட்டும் கவனியுங்கள். அந்த எட்டு வாரமும் தேத்தூளையோ கலக்கும் ஆளையோ மாற்ற வேண்டாம். மாற்றினால் எதனால் கோடு குறைந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.